சர்வேக்காரர் பலகை சுண்டல் தட்டு ஆன கதை

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, பழவேற்காடு டச்சுக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டை வரைந்து முடித்தேன். படம் சுமார்தான். ஒரு பக்கம் விலா எலும்பு ஒன்று கூடுதலாக விழுந்துவிட்டது. ஆனால் பலகை ஆடவில்லை, வண்ணம் வழியவில்லை, முதுகு வலிக்கவில்லை. ஆறு வாரமாக இந்த மூன்றுக்கும்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வேலை செய்தது நின்றபடி வரைய நான் செய்த பலகைதான், நான் திட்டமிட்ட விதத்தில் இல்லை. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் எட்டுப் பேர். ஞாயிறு காலையில் சென்னையில் ஏதாவது ஓர் இடத்தில் கூடி வரைவோம். போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, நின்ற இடத்தில் கண்ணால் பார்த்ததை வரைய வேண்டும் என்பது மட்டும்தான் விதி. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. சியாட்டில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ் இன்று ஊர் ஊராகப் பரவியிருக்கிறது, அவர்கள் அறிக்கையின் முதல் வரியே இதுதான். எங்களுக்குப் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஒரு வாட்ஸப் குழு, கடைசியில் ஒரு காபி, அவ்வளவுதான்.

என் பிரச்சினை உட்காருவது. மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்துத்தான் இதுநாள்வரை வரைந்தேன். மயிலாப்பூர் தெப்பக்குளத்தை ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கமிருந்து வரைய உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வேலிக் கம்பிதான் தெரிகிறது. நின்றால் குளம், படிக்கட்டு, கபாலீஸ்வரர் கோயிலின் மேற்குக் கோபுரம், அதற்குப் பின்னால் 37 மீட்டர் உயரக் கிழக்குக் கோபுரம் என்று எல்லாம் கிடைக்கிறது. நின்றபடி ஒரு கையில் நோட்டு, மறு கையில் பிரஷ் சரி. பெட்டியையும் தண்ணீரையும் எங்கே வைப்பது? மூன்றாவது கைக்காகத்தான் இந்தப் பலகை.

கேமரா ட்ரைபாடில் பூட்டிக்கொள்ளும் மடக்குப் பலகை ரெடிமேடாகவே வருகிறது. விலை ஆயிரக்கணக்கில். மச்சான் கல்யாண வீடியோ எடுத்த காலத்து ட்ரைபாட் ஒன்று எங்கள் பரணில் சும்மா கிடந்தது. பலகையை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

தெருமுனை மரக்கடையில் 6 மில்லி ப்ளைவுட் வெட்டுத் துண்டு நூறு ரூபாய். அதிலிருந்து 30க்கு 22 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். ஏ4 காகிதம் 21க்கு 29.7, ஆக ஒரு துண்டில் காகிதம் படுக்கைவாக்கில் கச்சிதமாக உட்காரும், இன்னொன்றில் வண்ணப்பெட்டி. நடுவில் இரண்டு சிறிய பித்தளைக் கீல், நாற்பது ரூபாய். விளிம்பை 120ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220 போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் 5 மில்லி துளை ஒன்று போட்டேன், எலாஸ்டிக் கோத்துக் காகிதத்தைப் பிடித்துவைக்கலாம் என்று. அந்த எலாஸ்டிக்கை நான் ஒரு நாளும் பயன்படுத்தவில்லை, கிளிப் போதுமானதாக இருந்தது. துளைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தப்பு நட்டில். ட்ரைபாட் தலையில் இருக்கும் திருகு பலகைக்குள் இறங்க வேண்டுமென்றால் பலகையில் ஒரு நட்டு புதைக்க வேண்டும். மரத்தில் பல் பதிந்து நிற்கும் டீ-நட் இதற்குச் சரி. பக்கத்து ஹார்டுவேர் கடையில் "கேமரா ஸ்டாண்டுக்கு" என்று கேட்டேன், 6 மில்லி நட்டைக் கொடுத்தார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் வந்து திருகினால் முக்கால் சுற்றுப் போய் நின்றுவிட்டது. புது நட்டு, மரை இறுக்கமாக இருக்கும் என்று நினைத்து குறடு வைத்துத் திருகினேன். செய்திருக்கக் கூடாது. ட்ரைபாட் திருகின் முதல் இரண்டு மரை நசுங்கிப்போனது.

கேமரா ட்ரைபாட் திருகு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லி. அங்குலத்துக்கு 20 மரை, ஆக ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.27 மில்லி இடைவெளி. 6 மில்லி நட்டில் அந்த இடைவெளி 1 மில்லி. இரண்டும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாது. நசுங்கிய மரையைச் சின்ன முக்கோண அரம் வைத்து ராவிச் சரிசெய்ய ஒரு மாலை போனது. அப்புறம் பாரிஸ் கார்னர் போய், செம்புதாஸ் தெருவில் "கால் இஞ்ச் டீ-நட்" என்று கேட்டு, கையோடு கொண்டுபோன ட்ரைபாட் தட்டில் கடையிலேயே திருகிப் பார்த்து வாங்கினேன். இந்த மாதிரிச் சாமானுக்கு அளவு சொல்வதைவிடப் பொருளைக் கையில் கொண்டுபோவதே மேல்.

அடுத்தது கனம். 6 மில்லி ப்ளைவுட்டில் டீ-நட் அடித்தால் அதன் குழல் மறுபக்கம் 2 மில்லி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்காக 12 மில்லி ப்ளைவுட் கட்டை ஒன்று, 6க்கு 6 சென்டிமீட்டர், பலகையின் அடியில் ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். ராத்திரி முழுக்க மேலே அகராதியை ஏற்றிவைத்தேன். காலையில் நட்டை அந்தக் கட்டையின் அடியில், திருகு நுழையும் பக்கமே வைத்து, சுத்தியலால் அடித்தேன். கெட்டியாகத்தான் பிடித்தது.

வண்ணப்பெட்டிக்குப் பையனின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ். உள்பக்கம் வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் இரண்டு கோட். வண்ணக் கிண்ணங்களுக்குத் தண்ணீர் பாட்டில் மூடிகள் ஆறு. அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், ஒரு எலுமிச்சை மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு பச்சை. பச்சையை இதுவரை நான் தொடவில்லை. சென்னைச் சுவர்களின் நிழலுக்கு முதல் இரண்டும் கலந்த சாம்பலே போதும், வேப்பமரத்துக்கு நீலமும் மஞ்சளும் கலந்துகொள்ளலாம்.

இதிலும் இரண்டு பாடம். ட்யூபிலிருந்து மூடி நிறைய ஒரேயடியாகப் பிழிந்துவிட்டேன். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மேலே ஏடு கட்டியது, உள்ளே ஜெல்லியாகவே இருந்தது. பெட்டியைச் செங்குத்தாகப் பையில் போட்டதும் சிவப்பு மெதுவாக நகர்ந்து மஞ்சளுக்குப் போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கு பிழிந்து, இரண்டு நாள் திறந்து காயவிட்டு, மறுபடி பிழிய வேண்டும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டால் பூஞ்சை வராது. இரண்டாவது, புது பெயின்ட் மேல் நீர்வண்ணம் பரவாது, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். பல்பொடி போட்டு விரலால் ஐந்து நிமிடம் தேய்த்தேன், பளபளப்பு போயிற்று, வண்ணம் நின்றது.

பெட்டி நழுவாமல் இருக்கப் பலகையின் கீழ்ப்பாதியில் 10 மில்லிக் காந்தம் ஆறு புதைத்தேன். மேலே இரண்டு கை வார்னிஷ்.

ஒத்திகை மயிலாப்பூரில். காலை ஆறரைக்கெல்லாம் குளக்கரைக்கு வந்துவிட்டோம். மேற்கே நின்று கிழக்கே பார்ப்பதால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருந்தது. பொம்மைகள் எதுவும் தெரியாது, கோபுரம் முழுக்க ஒரே கருநிழல். எனக்கு அது வசதி. ட்ரைபாடை விரித்தேன், பலகையைப் பூட்டினேன், படம் வரையும் பலகை என்றால் சாய்ந்திருக்க வேண்டும் என்று 45 டிகிரிக்குச் சாய்த்தேன்.

பூக்கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓர் அம்மா என்னைச் சிறிது நேரம் பார்த்தார். "என்ன தம்பி, சர்வே எடுக்கறீங்களா? ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?"

"இல்லம்மா, சும்மா படம் வரையறேன்."

"எங்க கடையெல்லாம் எடுத்துடுவாங்களா?" என் பதிலை அவர் நம்பவில்லை. அவர் மேல் தப்பில்லை. மூன்று காலில் ஒரு தட்டையான பலகை, அதன்முன் ஒரு ஆள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் தூரத்தை அளக்கிறான். நில அளவைக்காரர்களின் ப்ளேன் டேபிள் அப்படியேதான் இருக்கும். 1802இல் ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் இந்தியாவை அளக்க, அளவுக்கு ஆதாரமான தன் அடிக்கோட்டைப் போட்டதே பரங்கிமலைப் பக்கம்தான். சென்னைக்காரர்களுக்கு இந்தச் சாமானைக் கண்டால் வயிற்றைக் கலக்குவதில் நியாயம் உண்டு. அரைமணி நேரத்துக்குள் மூன்று பேர் வந்து இதையே கேட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்த நாட்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

வரைதல் எப்படி? முதல் ஈர வண்ணத்தை வானத்துக்குப் போட்டேன். 45 டிகிரியில் அது நேராக இறங்கிக் கோபுரத்தைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, காகிதத்தின் கீழ் விளிம்பில் மணிமணியாகத் தேங்கியது. சாய்வைக் குறைக்க ட்ரைபாட் தலையைத் தளர்த்தித் திருப்பி மறுபடி இறுக்கினேன். இறுக்கின அந்தச் சுற்றில் டொக் என்று ஒரு சத்தம். நட்டு கட்டையிலிருந்து பிய்த்துக்கொண்டு திருகோடு போயிற்று. பலகை, பெட்டி, தண்ணீர் டப்பா மூன்றும் நடைபாதையில்.

எங்கள் குழுவில் பெரம்பூர் அண்ணன் ஒருவர் உண்டு, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குனிந்து கட்டையை எடுத்துப் பார்த்தார். "ஏம்பா, இழுக்கிற பக்கமே நட்டை வச்சா அது எப்படி நிக்கும்? எதிர்ப்பக்கம் வை. இறுக்க இறுக்க மரத்துக்குள்ள போய் உக்காரும்." எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மணி நேரம் யூடியூப் பார்த்தும் கண்ணில் படாத விஷயம்.

திரும்பச் செய்தேன். ஒட்டிய கட்டையைப் பெயர்த்து, நட்டைக் கட்டைக்கும் பலகைக்கும் நடுவே சிக்கவைக்கும்படி, விளிம்பு மேலே, குழல் கீழே பார்க்க அடித்து மறுபடி ஒட்டினேன். இப்போது வேறொரு சிக்கல். குழல் 8 மில்லி, கட்டை 12 மில்லி. மரை 4 மில்லி ஆழத்தில்தான் தொடங்குகிறது. ட்ரைபாட் தட்டின் திருகு வெளியே நீட்டுவது மொத்தமே 5 மில்லி. பிடித்தது ஒரு மில்லி. கட்டையை மறுபடியும் பெயர்த்தேன், 9 மில்லி ப்ளைவுட்டில் புதிதாக வெட்டினேன், ஒட்டினேன். 4 மில்லி, மூன்று மரை. போதும். பலகை விரிந்ததும் கீழ்ப்பாதி தொங்கியதற்கு, அடியில் ஒரு திருகில் சுழலும்படி 15 சென்டிமீட்டர் அலுமினியப் பட்டை ஒன்று வைத்தேன். திருப்பினால் கீலைக் குறுக்கே பிடித்துக்கொள்ளும்.

சாய்வுக்குப் போனில் இருக்கும் ரசமட்டத்தைப் பலகை மேல் வைத்துப் பார்த்தேன். 30 டிகிரியிலும் வழிகிறது. 15லிருந்து 20க்குள் வண்ணம் மெல்ல இறங்கி, நாம் கேட்ட இடத்தில் நிற்கிறது. உயரம், முழங்கையை மடக்கினால் கை எங்கே நிற்கிறதோ அதற்கு இரண்டு விரல் கீழே. எனக்குத் தரையிலிருந்து 102 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் ட்ரைபாட் காலில் வெள்ளை நெயில் பாலிஷால் கோடு போட்டுவைத்தேன்.

அப்புறம்தான் பழவேற்காடு. சனி, ஞாயிறு இரண்டு நாள். சென்ட்ரல் மூர் மார்க்கெட் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயில், பொன்னேரியில் இறங்கிப் பஸ். ராத்திரி பொன்னேரியில் ஒரு நண்பரின் மாமா வீட்டு மொட்டைமாடியில் தங்கினோம். பலகை 560 கிராம், பெட்டி 180, ட்ரைபாட் 1,300. மற்றதெல்லாம் சேர்ந்து தோளில் மூன்று கிலோவுக்கு மேல்.

சனிக்கிழமை படகுத்துறை. காலையில் நன்றாகத்தான் போனது. ஒரு ஃபைபர் படகைப் பிடித்தேன், பாதி வரைந்ததும் அது கட்டிய கயிற்றிலேயே மெதுவாகத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டியது. படகு வரைகிறவர்கள் முதலில் முழு உருவத்தையும் ஒரு நிமிடத்தில் கோடு போட்டுவிட வேண்டும், விவரம் எல்லாம் பிறகு. பதினொன்றரைக்கு மேல் கடற்காற்று தொடங்கியது. பலகை பாய்மரம்போல வாங்கிக்கொண்டது. ட்ரைபாடின் நடுக்கம்பியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு கிலோ கனம் பத்து நிமிடம் தாங்கியது. அப்புறம் ஒரு வீச்சு, மொத்தமும் மணலில் சாய்ந்தது. பெட்டியைத் துடைத்து மறுபடி வைத்தால் உட்காரவில்லை, தள்ளாடுகிறது. பார்த்தால் ஆறு காந்தத்திலும் கருமணல் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடற்கரை மணலில் இரும்புத் தாது உண்டு என்பது ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். துணியால் துடைத்தால் போகாது. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறை. டச்சுக்காரர்கள் இங்கே 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டினார்கள். கோட்டை இருந்த இடம் இன்று புதரும் மேடும்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம். பெரிய கற்பலகைகளில் 17ஆம் நூற்றாண்டுப் பெயர்களும் குடும்ப மரபுச் சின்னங்களும் ஆழமாக வெட்டியிருக்கின்றன. வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு. அதை வரைய வேண்டும் என்றே வந்தேன்.

ட்ரைபாடை விரித்ததும் காவலாளி வந்தார். "சார், படம் வரையுங்க, வேண்டாங்கல. ஸ்டாண்டு மட்டும் வைக்கக் கூடாது." பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் ட்ரைபாட் வைக்க முன்னனுமதி வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டியது நான். அவர் தன் வேலையைச் செய்தார்.

மற்ற ஏழு பேரும் சுவரோரமாக நோட்டை விரித்து ஆரம்பித்துவிட்டார்கள். நான் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கலைக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் எங்களோடு வருவான். அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய அதே பள்ளிதான் இன்று எழும்பூர்ப் பக்கம் அவன் படிக்கும் கல்லூரி. அவன் பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தான், மூலைத் துளையில் விரலை விட்டான். "அண்ணே, பீச்சில சுண்டல் விக்கிறவங்க தட்டு வச்சிருப்பாங்கல்ல?"

துறைக்குப் போய் ஒரு மீனவரிடம் கயிறு கேட்டேன். பழைய நைலான் கயிறு ஒன்றரை மீட்டர், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வெளிப்பக்க விளிம்பின் இரண்டு துளையில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டு, கழுத்தைச் சுற்றி மாட்டி, கயிற்றுக்கு அடியில் துண்டை மடித்து வைத்தேன். உள்பக்க விளிம்பு வயிற்றில் சாய்ந்து நின்றது. முதல் தடவை கயிறு நீளமாகி, பலகை வெளிப்பக்கம் கவிழப் பார்த்தது. 10 சென்டிமீட்டர் குறைத்ததும் வெளிவிளிம்பு சற்றே தூக்கி நின்றது. போன் ரசமட்டத்தை வைத்தேன். 17 டிகிரி.

காற்று வந்தால் உடம்பைத் திருப்பினால் போயிற்று, பலகையும் கூடவே திரும்புகிறது. எலும்புக்கூட்டின் முகத்தைக் கிட்டே பார்க்க நான்கு அடி முன்னே நடந்தேன், வண்ணம், தண்ணீர், காகிதம் எல்லாம் என்னோடு நடந்து வந்தன. ட்ரைபாடில் இது நடக்காது, ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த இடம்தான். சர்வே எடுக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. வெளியே வரும்போது ஒரு பொடியன் மட்டும் எட்டிப்பார்த்து, "சுண்டல் எவ்ளோ?" என்றான்.

குறை இல்லாமல் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குமேல் கழுத்தில் கயிறு அழுத்துகிறது. மூச்சு இழுத்துவிடும்போது பலகை லேசாக ஏறி இறங்குகிறது. நீண்ட நேர்க்கோடு போட வேண்டுமானால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விலா எலும்பு ஒன்று கூடினதற்கு அதைக் காரணம் சொல்லலாம், ஆனால் எண்ணத் தவறினது நான்தான்.

செலவு: ப்ளைவுட் 100, கீல் 40, தப்பும் சரியுமாக நட்டுகள் 40, அலுமினியப் பட்டை 30, வார்னிஷ் 110, பசை 45, காந்தம் 60, ஸ்ப்ரே பெயின்ட் 220, கிளிப் 40. மொத்தம் 685 ரூபாய். இதில் ஸ்ப்ரே பெயின்ட் வீண், உட்புறம் வெள்ளையான பழைய டிபன் மூடி ஒன்றை வைத்துக் கலந்திருக்கலாம்.

அடுத்த பலகை 4 மில்லி ப்ளைவுட்டில். கணக்குப்படி 150 கிராம் குறையும். நட்டுக் கட்டை இருக்கட்டும், வீட்டு மாடியில் வரைய ட்ரைபாட் உதவும். மூலைத் துளைகளுக்குப் பதில் வளையம் வைத்து, பழைய ஸ்கூல் பேக்கின் அகலமான பட்டையை மாட்டப் போகிறேன், தோள் இரண்டிலும் குறுக்கே போகிற மாதிரி. காந்தத்துக்குப் பதில் பெட்டிக்கு வெல்க்ரோ.

அதுவரை அந்த நைலான் கயிறுதான். இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். வீட்டில் இன்னமும் யார் கருவாடு வாங்கி வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.